ஆர்.சி. புக்கில் பழைய பெயர்: ஏலமலை அடிவாரத்தில் கை மாறிய வண்டிகள்

பழைய ஜீப்புக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துச் சாவியை வாங்க ஒரு மணி நேரம் போதும். ஆர்.சி. புக்கில் பெயர் மாற வேண்டுமானால் விற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஊரை விட்டுப் போயிருந்தாலோ இறந்துவிட்டாலோ, வண்டி ஒருவர் வாசலிலும் பெயர் இன்னொருவர் மீதுமாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். போடிநாயக்கனூர், தேவாரம், பொட்டிபுரம் என மலையடிவாரத்து ஊர்களில் இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மாநில எல்லை கிடக்கிறது.

ஏலத்தோட்டங்கள் மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். அங்கே வேலைக்குப் போகிறவர்களில் பலரும், தோட்டம் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினரும் கீழே தேனி மாவட்டத்தில். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது; ஆனால் தண்டவாளம் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும், தோட்டத்துக்குள் போகும் கல் பாதைகளையும் ஏறிக் கடக்க நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. தோட்டக்காரர்களுக்கு அந்த ஜீப்பே கால் ஆனது. எஞ்சினை மாற்றி, பாடியைப் புதிதாகக் கட்டி, பல பத்தாண்டுகள் ஓட்டக்கூடிய வண்டி அது. வண்டிக்கு ஆயுள் கூடக் கூட, அதை வாங்கி விற்றவர்களின் வரிசையும் நீண்டது.

மோட்டார் வண்டிகளுக்கான முதல் அனைத்திந்தியச் சட்டம் 1914-ல் வந்தது. அதற்குப் பதிலாக வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவு, பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றையும் விரிவாக வகுத்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். போடி சென்னை மாகாணத்தில் இருந்தது. மலைமேல் இருந்த தேவிகுளம், உடும்பன்சோலைப் பகுதிகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோதும் மலை கேரளத்தோடுதான் நின்றது. கண்ணுக்கு எதிரே தெரியும் மலையிலிருந்து இறங்கி வரும் வண்டி இன்றும் சட்டப்படி வெளிமாநில வண்டி.

வண்டி யாருடையது என்ற கேள்விக்கு இந்தியாவில் நெடுங்காலமாக இரண்டு சட்டங்கள் இரண்டு விடை சொல்லி வந்தன. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி வண்டி ஓர் அசையும் பொருள். இரு தரப்பும் எப்போது உரிமை மாற வேண்டும் என்று நினைத்தார்களோ அப்போதே அது மாறிவிடும். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் பதிவுப் பெயரை வைத்து உரிமையாளரை வரையறுக்கவில்லை. 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றது. மைனர் பெயரில் உள்ள வண்டி, தவணைக்கடன் வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு வைத்தது. பெயர் மாற்றாமல் விட்ட ஒவ்வொரு விற்பனையும் அன்றிலிருந்து விற்றவர் தலைமேல் தொங்கத் தொடங்கியது.

புதிய விதிகள் பெயர் மாற்றத்துக்கு 29, 30 என இரண்டு படிவங்களைத் தந்தன. 29 விற்றவர் தரும் அறிவிப்பு. 30-ல் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விற்றவரை மறுபடியும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இழுத்து வர முடியாது என்பது தெரிந்த புரோக்கர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பணம் கை மாறும்போதே இரண்டு படிவத்திலும் விற்றவரிடம் கையெழுத்து வாங்கி, வாங்குபவர் பெயரையும் தேதியையும் வெற்றாக விட்டுவிடுவார்கள். அந்தப் படிவங்கள், அடையாள அட்டை நகல், சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு எல்லாம் ஆர்.சி. புக்கோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். வண்டி மூன்று கை மாறினால் உறையும் மூன்று கை மாறும். வழியில் யாராவது ஒருவர் தன் பெயரை நிரப்பினால்தான் பதிவு மாறும். ‘ஓப்பன் ஃபாரம்’ என்ற இந்த வழக்கம் வாங்குபவருக்கு வசதி; கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவருக்கோ, தன் பெயர் எந்த ஊர்ச் சாலையில் ஓடுகிறது என்பதே தெரியாத நிலை.

அதன் விலை எவ்வளவு என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் காட்டியது. அந்தக் கார் பலரிடம் கைமாறியிருந்தது. 2009-ல் விபத்து நடந்தபோது பதிவில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர். வண்டி கடைசியாக யார் கையில் இருந்தது என்று பாதிக்கப்பட்டவர் தேடி அலைய வேண்டியதில்லை, பதிவில் உள்ளவரே இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. விபத்தில் அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான தீர்ப்பு. இன்சூரன்சிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு வண்டியோடு சேர்ந்து வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கொள்கிறது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

விற்றவர் இறந்துபோனால் சட்டத்தில் தெளிவான வழி உண்டு. வாரிசு 30 நாளுக்குள் மரணத்தைத் தெரிவித்துவிட்டால், மூன்று மாதம் வரை வண்டியைத் தன்னுடையதுபோல் ஓட்டலாம். அதற்குள் 31-ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்களை ஏற்றப் பெர்மிட் எடுத்த வண்டியானால் அந்தப் பெர்மிட்டுக்கும் இதே மூன்று மாதக் கணக்குதான். பாதிப் பணம் கொடுத்திருந்த நிலையில் உரிமையாளர் இறந்துவிட்டால், பெயர் முதலில் வாரிசுக்குப் போய், அவர் கையெழுத்தில்தான் வாங்கியவருக்கு வரும். இறந்தவர் உயிரோடிருக்கும்போது போட்டுவைத்த கையெழுத்தை அதன்பிறகு நிரப்பிக் கொடுப்பது முறைகேடு. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அதன் தன்மை மாறாது.

விற்றவர் உயிரோடு இருந்தும் ஆளைக் காணவில்லை என்றால்தான் கடினம். சட்டம் இந்த நிலையை அறியாமல் இல்லை. கடன் கட்டாத வண்டியைப் பறிமுதல் செய்த நிதி நிறுவனத்திடம் உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ, அவருக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பழைய ஆர்.சி.யை ரத்து செய்து, நிறுவனத்தின் பெயரில் புதிதாகத் தர 51-ஆம் பிரிவு வழி செய்கிறது. பொது ஏலத்தில் எடுத்தவருக்கு 32-ஆம் படிவம் இருக்கிறது. முழுப் பணமும் கொடுத்து வாங்கிய தனிமனிதருக்கு மட்டும் இப்படி ஒரு பிரிவு இல்லை. ரசீது, வங்கிக் கணக்கில் பணம் போன சான்று, வண்டியை ஒப்படைத்த கடிதம் இவற்றோடு விற்றவருக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, சிவில் நீதிமன்றத்தில் தன் உரிமையை நிறுவ வேண்டியதுதான். நிதி நிறுவனத்துக்குத் திறந்த கதவைச் சிறு வியாபாரிக்கும் ஓட்டுநருக்கும் திறக்காமல் விட்டது இந்தச் சட்டத்தின் பெரிய குறை.

மலையிலிருந்து வரும் வண்டிக்குப் பெயர் மாற்றத்துக்கு முன்பே ஒரு படி இருக்கிறது. கேரளப் பதிவு அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., வேண்டும். அதற்கான 28-ஆம் படிவத்திலும் உரிமையாளர் கையெழுத்து இருக்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்து தீர்ந்திருந்தால் 35-ஆம் படிவமும் சேரும். அலுவலகத்தின் மௌனத்துக்கு மட்டும் சட்டம் அழகாக வழி சொல்கிறது. விண்ணப்பித்து 30 நாளில் பதில் வராவிட்டால் சான்று தந்ததாகவே கொள்ளப்படும். விண்ணப்பித்த ரசீதோ தபால் ஒப்புகை அட்டையோ, மறுப்பு எதுவும் வரவில்லை என்ற உறுதிமொழியோடு சான்றின் இடத்தில் ஏற்கப்படும். அலுவலகம் பேசாமல் இருந்தாலும் வேலை நடக்கும்; விற்றவர் பேசாமல் இருந்தால் நடக்காது.

அண்மைய திருத்தங்கள் இரண்டு இந்தச் சிக்கலை நேரடியாகத் தொட்டன. 2021 முதல் ஆர்.சி.யில் நாமினி பெயரைச் சேர்க்கலாம். உரிமையாளர் இறந்தால் வண்டி அந்த நாமினியின் பெயருக்கு மாறுவது எளிதாகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். விற்பவர் வண்டியை அப்படிப்பட்ட வியாபாரியிடம் ஒப்படைத்து 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், அன்றிலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அடுத்து வாங்குபவருக்குப் பெயர் மாற்றிக் கொடுக்கும் விண்ணப்பத்தையும் அவரே போடலாம். முதல் உரிமையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு மாற்றாகச் சட்டமே தந்த முதல் ஏற்பாடு இது. தோட்டக்காரர் ஓட்டுநருக்கோ, ஓர் ஊர்க்காரர் பக்கத்து ஊர்க்காரருக்கோ நேரடியாக விற்கும் ஜீப்புக்கு இது பொருந்தாது. அங்கே இன்றும் 29, 30 படிவங்களும் இருவர் கையெழுத்தும்தான்.