மணிக்கணக்கும் வாரக்கணக்கும்: டயாலிசிஸில் இருக்கும் பெண்ணின் கர்ப்பகாலம்

தொடர் டயாலிசிஸில் இருந்த ஒரு பெண் குழந்தை பெற்ற செய்தி முதன்முதலாக 1971இல் இத்தாலியிலிருந்து வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து ஐரோப்பியப் பதிவேடு இத்தகைய 115 கர்ப்பங்களை அலசியது. மருத்துவர்களே கலைத்தவற்றைக் கழித்துப் பார்த்தாலும் 23 விழுக்காடுதான் வெற்றி. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "கலைத்துவிடுவதே நல்லது" என்று சொன்ன அன்றைய மருத்துவர்மீது குற்றம் காண முடியாது. இன்றும் அதே ஆலோசனையை யோசிக்காமல் சொல்பவர்மீது காணலாம்.

இந்த மாற்றத்துக்கு எரித்ரோபொயட்டின் ஊசி, ஸ்கேன், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் பெரும்பங்கு டயாலிசிஸ் நேரத்துக்கே என்பதைக் காட்டியது 2014இல் வெளிவந்த ஓர் ஒப்பீடு. டொரண்டோவில் வாரத்துக்குச் சராசரியாக 43 மணி நேரம் டயாலிசிஸ் பெற்ற பெண்களின் 22 கர்ப்பங்களும், ஏறத்தாழ 17 மணி நேரம் பெற்ற அமெரிக்கப் பெண்களின் 70 கர்ப்பங்களும் அருகருகே வைக்கப்பட்டன. உயிருடன் பிறந்தவை முறையே 86, 61 விழுக்காடு. கர்ப்பம் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 36 வாரம், 27 வாரம்.

இதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் இணை எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது இணைதான் முக்கியம். ஏன் என்பதை சாவ் பாவ்லோ சொல்கிறது. டொரண்டோவைவிடக் குறைந்த மணிகளே தந்த அங்கே, 2010இல் வெளியான 52 கர்ப்பங்களின் தொகுப்பில் வெற்றி 87 விழுக்காடு; டொரண்டோவுக்குச் சமம். ஆனால் அக்குழந்தைகள் சராசரியாக 32.7 வாரத்தில், ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடையில் பிறந்தன. உயிரோடு பிறந்ததா என்று மட்டும் கேட்டால் இரண்டு ஊரும் ஒன்று. எத்தனை வாரத்தில் என்று கேட்டால் இரண்டும் மூன்று வாரத்துக்கு மேல் தள்ளி நிற்கின்றன. கூடுதல் மணிகள் வாங்கித் தருவது அந்த வாரங்களை.

உடலியங்கியல் இதற்கு ஒத்துப்போகிறது. இயல்பான கர்ப்பத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது. தாயின் யூரியா இயல்பைவிடக் குறைகிறது. சிறுநீரகம் செயலிழந்த தாயிடம் நேர்மாறு. யூரியா நச்சுக்கொடியைக் கடந்து கருவுக்குச் செல்ல, அதை வெளியேற்றக் கரு மிகுதியாகச் சிறுநீர் கழிக்கிறது. பனிக்குட நீர் பெருகிக் கருப்பை விரிந்து, பிரசவம் முந்திக்கொள்கிறது. இன்னொரு வழியும் உண்டு. நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டர் நீரை இழுத்தால் இரத்த அழுத்தம் சரியும், நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தமும் குறையும். அதே நீரைப் பல நாட்களுக்குப் பங்கிட்டு இழுத்தால் தாய்க்கும் தெரியாது, கருவுக்கும் தெரியாது.

நேரத்தைக் கூட்டினால் மட்டும் ஆயிற்றா? இல்லை. நீண்ட டயாலிசிஸ் வேண்டியதையும் சேர்த்தே கழுவிவிடும். பொட்டாசியமும் பாஸ்பேட்டும் விழும், பைகார்பனேட் மிஞ்சும். பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்த விழுங்கிய மாத்திரையை நிறுத்தி, சிலருக்கு டயாலிசிஸ் நீர்மத்திலேயே பாஸ்பேட் சேர்க்க வேண்டிவரும். ஃபோலிக் அமிலம், புரதம், இரும்பு, எரித்ரோபொயட்டின் எல்லாமே கூடுதலாகத் தேவை. எல்லாவற்றையும்விடக் கடினம் உலர் எடையை, அதாவது மிகை நீர் நீங்கியபின் இருக்க வேண்டிய எடையை, கணிப்பது. இரண்டாம் மும்மாதத்திலிருந்து வாரத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை ஏறுவது குழந்தையின் வளர்ச்சி. அதற்கு மேல் ஏறுவது நீராக இருக்கலாம். பழைய உலர் எடையை மாற்றாமல் இழுத்துக்கொண்டே இருப்பவர் குழந்தையின் பங்கையும் சேர்த்து இழுக்கிறார்.

டொரண்டோ முடிவுக்கு எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அது குலுக்கல்முறைச் சோதனை அன்று; இரு நாடுகளின் பெண்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எஞ்சிய சிறுநீரகச் செயல்பாடும் கணக்கைக் குழப்பும். 1998இல் வந்த அமெரிக்கப் பதிவேட்டில், டயாலிசிஸ் தொடங்கிய பின் கருவுற்றவர்களின் குழந்தைகளில் பிழைத்தவை 40 விழுக்காடு. கருவுற்ற பின் டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு 74 விழுக்காடு. பின்னவர்களிடம் கொஞ்சமாவது உழைக்கும் சிறுநீரகம் இருந்தது. ஆகவே எல்லோருக்கும் ஒரே மணிக்கணக்கை விதிப்பதைவிட, யூரியாவை இலக்காக வைத்து நேரத்தைக் கூட்டிக் குறைப்பது அறிவுடைமை. 2019இன் பிரிட்டன் வழிகாட்டி டயாலிசிஸுக்கு முந்தைய யூரியா லிட்டருக்கு 12.5 மில்லிமோலுக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. நம் ஆய்வகச் சீட்டில் அது டெசிலிட்டருக்கு 75 மில்லிகிராம். அமெரிக்க, ஜப்பானியக் கட்டுரைகளோ யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும், அதாவது பி.யூ.என். அளவைத் தருகின்றன, அங்கே அதே இலக்கு 35. இந்த 75ஐ ஒருவர் பி.யூ.என். என்று எடுத்துக்கொண்டால், யூரியா 160 வரை ஏறியும் எல்லாம் சரி என்றே நினைப்பார். சிறிய விஷயம்தான், ஆனால் உண்மையான ஆபத்து.

இந்தியாவில் பலருக்கு வாரத்துக்கு இரண்டு முறை, முறைக்கு நான்கு மணி நேரம். ஆக எட்டு மணி. 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழைகளுக்கு எந்திரத்தை எட்டச் செய்தது பெரிய காரியம். ஆனால் அரசுக் காப்பீடுகள் தடவைக்கு இவ்வளவு என்றுதான் பணம் தருகின்றன. கர்ப்பிணிக்குத் தேவைப்படும் ஐந்தாவது, ஆறாவது தடவைக்கு யார் தருவார்கள் என்ற கேள்வி மருத்துவரின் மேசையில் அல்ல, பில் கவுன்ட்டரில் முடிவாகிறது. அங்கே மிச்சப்பட்ட பணம் குறைப்பிரசவக் குழந்தையின் இன்குபேட்டருக்குப் போகிறது. ஒரே கருவூலத்தின் இரண்டு பைகள். இடது பை சிக்கனம் பிடிக்க, வலது பை கிழிகிறது.

அதற்கும் முன்னால் இன்னொரு தடை இருக்கிறது. டயாலிசிஸில் இருக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. குமட்டல் யூரியாவால் என்று நினைக்கப்படும். கர்ப்ப ஹார்மோன் சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவது என்பதால் கர்ப்பமில்லாதபோதும் இரத்தத்தில் உயர்ந்து காட்டக்கூடும், ஸ்கேன்தான் தீர்ப்பு. ஸ்கேன் எடுக்கத் தோன்றும்போது பலருக்கு நான்காம் மாதம் ஆகியிருக்கும். அதுவரை அந்தக் கரு வாரத்துக்கு எட்டு மணி நேரத்தில்தான் வளர்ந்திருக்கும். எனவே நாற்பது வயதுக்குட்பட்ட பெண்ணின் டயாலிசிஸ் குறிப்பேட்டில் இரத்த அழுத்தத்துக்கும் எடைக்கும் பக்கத்தில் கடைசி மாதவிலக்குத் தேதிக்கும் ஒரு கட்டம் வேண்டும். அதற்கு எந்திரமும் வேண்டாம், காப்பீட்டு ஒப்புதலும் வேண்டாம்.