பருவம் பார்த்துப் போகிறவர்களின் மலை

ஊவா மலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் முதலில் போடுவது மழைக் கணக்கு. மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், கச்சான் காற்று வீசும். ஐப்பசி முதல் தை வரை நிலைமை தலைகீழ். அதனால் வெயில் காலத்திலேயே பெரகலைச் சந்தியில் பிரிந்து, கொஸ்லந்தை வழியாக 220 மீட்டர் உயரத் தியலும அருவிக்கு மேலே ஏறிக் கூடாரம் அடித்துவிட வேண்டும் என்பார்கள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதைப் போட்டுப் பார்க்கும் உரிமை இந்த மலையில் எப்போதும் சிலருக்கே இருந்தது. இன்று காட்டுவழி என்று தேடிப் போகும் பாதைகளில் பெரும்பாலானவை அந்த உரிமை இல்லாதவர்களின் உழைப்பில் உருவானவை.

மலையில் பொழுதுபோக்கு வேட்டையோடு தொடங்கியது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள்; 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். மழைக்காலத்தை அவரும் சரியாகக் கணிக்கவில்லை போலும். பிறகு கோப்பி வந்தது, 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்தது, தேயிலை பரவியது. 1890இல் தோமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கினார். 1893இல் ரயில் அப்புத்தளையை எட்டியது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறும் ஒடுங்கிய ரோட்டில் இன்று வாடகை மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. தோட்டங்களில் அந்த வண்டியை முதலில் கண்டவர்களுக்கு அது சின்னத்துரையின் வண்டி. மலைக்கு மலை போய் வேலையை மேற்பார்க்க அவருக்கு அது வசதி. கொழுந்துக் கூடையோடு நிற்பவர்களுக்கு அதன் சத்தம் துரை வருகிறார் என்ற எச்சரிக்கை. அதற்கு முந்திய தலைமுறையின் நிலைமை இன்னும் இறுக்கம். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். கடனைக் காட்டும் 'துண்டு' கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. துண்டு முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரோட்டைப் போட்டவர் அதே ரோட்டில் நினைத்த நாளில் நடந்து போய்விட முடியாது.

தொழிலாளர்களும் பயணம் போனார்களே என்று கேட்கலாம். போனார்கள், பருவம் பார்த்தும் போனார்கள். ஆடியில் கதிர்காமத் திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்து கால்நடையாக இறங்கி வெல்லவாய, புத்தல வழியே சென்ற கூட்டம் ஊவாவின் பழைய நெடும்பயணிக் கூட்டங்களில் ஒன்று. மழை ஓய்ந்த மாதம் என்பதால் வழியும் தோதானது. ஆனால் லீவு துரையின் கையில். கதிர்காம யாத்திரைக்கே காலராவைக் காரணம் காட்டி அரசாங்கம் கட்டுப்பாடு விதித்த காலமும் உண்டு. இன்னொரு மறுப்பு கனமானது: பயணிகள் வருவதால்தான் பழைய தோட்டப் பாதைகள் பிழைத்திருக்கின்றன, தேநீர்க் கடைக்கும் வழிகாட்டும் இளைஞனுக்கும் நாலு காசு கிடைக்கிறது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கும் மேல் போகும் பெக்கோ டிரெயில் அப்படிப்பட்ட பாதைகளைக் கோத்தே அமைந்தது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மழையில் ஒரு மலைப்பாதை நிலைப்பதற்குப் பக்கத்துக் கானும் ஒரு காரணம். சரிவுக்குக் குறுக்கே வெட்டிய அந்த வடிகாலில் மண்ணும் வாதும் அடைத்தால் தண்ணீர் ஓடாமல் மலைக்குள் இறங்கும். ஊறிய மண் கனத்து ஒரு நாள் பிடிவிடும். கான் வெட்ட ஆள் குறைந்த மலையில் எவ்வளவு அழகான பாதையும் நம்பத்தக்கதல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தொடர்மழைக்குப் பின், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலை இறங்கித் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அது ஐப்பசி, பயண வழிகாட்டிகள் தவிர்க்கச் சொல்லும் அதே மாதம். 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தை அபாயமானது என்று எச்சரித்திருந்தது. சொல்லியும் சனம் போகவில்லை என்று அப்போது அதிகாரிகள் தரப்பில் பேசினார்கள். போவதற்கு எது இருந்தது? லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லை, விற்றுவிட்டுப் போக முடியாது. வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அதே தோட்டத்தைச் சுற்றித்தான். துண்டு ஒழிந்து தொண்ணூறு ஆண்டுக்கு மேலாகியும் வீடு வேலையோடு கட்டுண்டே கிடந்தது. மண்சரிவை இயற்கையின் கணக்கில் எழுதலாம். ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கை வந்த இடத்தில் குடும்பங்கள் தங்கியிருந்ததை அப்படி எழுத முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மலைகள் சரிந்தன. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணி ஒரு தொலைபேசி அழைப்பில் அறையை ரத்துச் செய்து மாசிக்குத் தள்ளிப்போடுகிறான். லயத்துக் குடும்பம் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போய் ஒதுங்குகிறது. மழை விட்டதும் அவர்களில் பலர் திரும்புவது அதே லயத்துக்கு.