கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும்: உத்தரமேரூர்த் திருத்தம் பற்றி ஒரு மறுவாசிப்பு

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டும் ஆய்வுலகம் நன்கறிந்தவை. தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெங்கையா வெளியிட்ட நாள்முதல் குடவோலை முறை பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. குடவோலையின் நிழலில் மறைந்துபோன இன்னொரு செய்தியே இக்கட்டுரையின் பொருள். பொதுச் சொத்தைக் கையாண்டவர் கணக்கு ஒப்புவிப்பது எப்போது பதவிக்கான தகுதியாக ஆக்கப்பட்டது?

நீலகண்ட சாஸ்திரியாரின் விளக்கமே இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. 12ஆம் ஆட்சியாண்டுத் (919) தீர்மானம் முதல் முயற்சி, அதன் குறைகள் நடைமுறையில் தெரிந்தன, 14ஆம் ஆட்சியாண்டில் (921) அவை நீக்கப்பட்டு விதிகள் தெளிவாயின என்பது அவர் வாசிப்பின் சாரம். தேர்தல் முறை படிப்படியாகச் செம்மையுற்ற கதையாகவே அவர் இதைக் காண்கிறார். வயது வரம்பு 30-60 என்றிருந்தது 35-70 என்று மாறியதற்கு இந்த விளக்கம் பொருந்தும். கணக்கு பற்றிய விதிக்கு இது பொருந்தாது என்பதே என் வாதம்.

919ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பதவி முடித்து விலகிய பெருமக்களுக்கு ‘அணைய பந்துக்கள்’ அல்லாதவரே ஊர்ச் சபையின் செயற்குழுவான வாரியத்துக்கு வரலாம் என்கிறது. விலகியவர் நேர்மையாக நடந்தாரா என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. ஒரே குடும்பம் தொடர்ந்து பதவியில் அமரக்கூடாது என்பதே நோக்கம். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டிலோ, எந்த வாரியத்தில் இருந்தாலும் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர். உறவினர் யார் யார் என்பதும் வரிசையாகச் சொல்லப்படுகிறது: சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது.

‘அணைய பந்துக்கள்’ என்ற தெளிவற்ற தொடருக்குச் சபை வரையறை தந்தது என்று சாஸ்திரியார் வழிவந்தோர் இதைக் கடந்து போகின்றனர். வரையறை வந்தது உண்மைதான். ஆனால் விலக்குக்கான காரணமே அதனுடன் மாறிவிட்டது. முன்பு உறவு என்பதே தடை. இப்போது தடை கணக்குத் தவறியவரிடம் தொடங்கி, உறவின் வழியாகப் பரவுகிறது. மாமன் கணக்குக் காட்டாவிட்டால் மருமகனுக்குக் குடவோலை இல்லை. இப்படியொரு விதி வந்தால் கணக்குக் கேட்கும் முதல் குரல் வீட்டுக்குள்ளிருந்தே எழும். சொல்லைத் திருத்தியதாக மட்டும் இதைக் கொள்ள என்னால் இயலவில்லை.

இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது? சான்று மெலிந்த இடம் இது. இரண்டாம் கல்வெட்டு 14ஆம் ஆட்சியாண்டின் 16ஆம் நாளுக்குரியது. முதலாவது 12ஆம் ஆண்டில் எந்த நாளுக்கும் உரியதாக இருக்கலாம். எனவே இடைவெளி ஓராண்டை ஒட்டியோ இரண்டாண்டை ஒட்டியோ இருக்கலாம். வாரியத்தின் காலம் 360 நாள். அதாவது, இடையில் ஓரிரு வாரியங்களே பதவி முடித்திருக்க முடியும். அவற்றில் ஏதோ ஒன்று கணக்கை ஒப்புவிக்காமல் விலகியிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்ச்சான்று கிடையாது. எனினும், விலக்கப்பட்டோர் பட்டியலின் வரிசையைப் பாருங்கள். மாபாதகம் செய்தோர், பிறர்பொருள் கவர்ந்தோர் ஆகியோருக்கெல்லாம் முன்னால் கணக்குக் காட்டாதவர் நிற்கிறார். வேதம் ஓதிய சபை தன் அறநூல்கள் பெரும்பாவம் என்று சொன்னவற்றுக்கும் முன்பாக இதை வைத்தது தற்செயல் ஆகாது. தீயோர் கெட்டு நல்லோர் தழைக்கவே இவ்வேற்பாடு என்று கல்வெட்டு முடிவதும் பட்ட அனுபவத்தின் குரலாகவே ஒலிக்கிறது. இரு கூட்டங்களிலும் அரசனின் அதிகாரி உடனிருந்தார் என்பதால், கணக்கு விதி சபையின் விருப்பமா அரசின் அழுத்தமா என்று கேட்கலாம். இரண்டுக்கும் இடமுண்டு.

கணக்கு எழுதுபவருக்கும் கட்டுப்பாடு வந்தது. தாம் எழுதிய கணக்கைத் தாமே ஒப்புவிக்க வேண்டும். அதை முடித்துத்தர வேறு கணக்கரை அமர்த்தக்கூடாது. பெருமக்கள் முன் கணக்கு வைத்துத் தூயவர் என்று ஏற்கப்படும்வரை அவருக்கு மீண்டும் அப்பணி இல்லை. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6 என ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளிலிருந்தும் வந்தவர்கள் நிர்வகித்தது சிறிய சொத்தன்று. பல்லவர் காலம் முதலே அவ்வூர் ஏரியைத் தூர்வாரப் பொன் வைத்தோர் உண்டு. வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் அந்த வேலையைச் செய்யும் பொறுப்பு சபையுடையது. அங்கே பொன்னுக்குக் கணக்குக் கேட்பது ஏரியின் நலத்தைக் கேட்பதும் ஆகும்.

இதைப் பழந்தமிழர் மக்களாட்சி என்று கொண்டாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பொதுவாக, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடைய, வேதம் கற்ற அந்தணரே வாரியத்தில் அமர்ந்தனர். கணக்கும் அவர்களுக்குள்ளேயே காட்டப்பட்டது. ஏரி நீரில் உழுது பயிரிட்டவர் அதைக் கேட்கும் இடத்தில் இல்லை. இந்தக் குறையைச் சொல்லாமல் அந்த விதியைப் புகழ்வது நியாயமாகாது.

ஆனாலும் ஒப்பீடு ஒன்று தவிர்க்க முடியாதது. இன்றைய தொண்டு நிறுவனங்களின் சட்ட வரலாற்றை 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அச்சட்டம் ஆண்டுதோறும் பதிவாளரிடம் தாக்கல் செய்யக் கேட்டது நிர்வாகக் குழுவினரின் பெயர்ப் பட்டியலை. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் வரவுசெலவுக் கணக்கையும் கேட்டது. பணத்தைத் தாண்டி, செய்த பணியின் சமூகப் பயனையும் சொல்ல வைக்கும் ஏற்பாடு சமூகப் பங்குச் சந்தைக்கான செபியின் 2022ஆம் ஆண்டு விதிகளில்தான் வந்தது. 1860ஐத் தொடக்கமாகக் கொண்டால் இவ்வளர்ச்சி நேர்க்கோடாகத் தெரியும். 921ஐயும் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

ஒரு கேள்வி தீராமலே நிற்கிறது. காலம் கடந்து கணக்கைக் காட்டியவருக்குத் தடை நீங்கியதா? அவர் காட்டிய அன்றே மருமகனின் பெயரும் ஓலையில் ஏறியதா? வேறு குற்றங்கள் சிலவற்றுக்குப் பிராயச்சித்தம் செய்தோரைப் பற்றித் தனியே பேசும் கல்வெட்டு, கணக்குத் தவறியவரைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை. மீட்சியே இல்லை என்பதால் சொல்லாமல் விட்டார்களா, கணக்கைக் காட்டுவதே மீட்சி என்பது அனைவரும் அறிந்ததால் விட்டார்களா என்பதை இவ்விரு கல்வெட்டுகளை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.