விறைத்த கையின் வரலாறு

இறக்காமத்துக் குளத்தை அண்டிய ஊர்களில், ஊர் உறங்கிய பின்னும் உறங்காத கைகள் சில உண்டு. பகலெல்லாம் தேங்காய் துருவி, துணி பிழிந்து, வயலில் களை பிடுங்கி, ஓய்ந்த நேரத்தில் பன் பாயும் இழைத்த ஒரு தாய் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கிறாள். பெருவிரலும் அதனை அடுத்த விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. நெருப்புப் பட்டது போன்ற எரிச்சல். எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிறாள். சற்று நேரத்தில் உணர்வு திரும்புகிறது. விடிந்ததும் அதைப்பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. பேசினாலும், 'வாதம்' என்பார் ஒருவர். 'வயது போகிறதல்லவா' என்பார் இன்னொருவர். நோவெண்ணெய் பூசிப் படு என்பார் மற்றொருவர்.

இந்தச் சிறு துன்பத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அது வைத்தியத்தின் வரலாறு மட்டுமன்று. யாருடைய உழைப்பு உழைப்பாகக் கணிக்கப்பட்டது, யாருடையது கணிக்கப்படாமற் போனது என்பதன் வரலாறும் ஆகும்.

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். நமது மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு வாய்க்கால் போல நிற்கின்றன. அவ்வாய்க்காலின் மேல் உறுதியானதொரு இணைப்பு நாண் கூரையாகப் படிந்துள்ளது. இந்தக் குறுகிய சுரங்கத்தினூடே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நடுநரம்பு ஒன்றும் செல்லுகின்றன. நாண்களைச் சூழ்ந்த சவ்வு வீங்கினால் இடம் போதாமற் போகிறது. எலும்பும் நாணும் வளைந்து கொடுப்பதில்லை. மெல்லிய நரம்பே நசுங்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைக்கின்றன. சின்னவிரல் தப்பிக்கொள்கிறது. இதனையே 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கின்றனர். மணிக்கட்டுச் சுரங்க நோய் என்று நாம் சொல்லலாம்.

உழைப்பாளியின் கையை வைத்தியநூல் கவனிக்கத் தொடங்கியது 1700-ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டில் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். நாளெல்லாம் எழுதி வலக்கை சோர்ந்த ஓர் எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகினார் என்றும், சில காலத்தில் அந்தக் கையையும் அதே நோய் பற்றிக்கொண்டது என்றும் அவர் கூறுகிறார். அது நாம் பேசும் இதே நோய்தான் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. ஆனால் நோயாளியிடம் வைத்தியர் தவறாமற் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றை அவர் நமக்கு விட்டுச்சென்றார்: நீ செய்யும் தொழில் யாது?

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1850களில், ஆங்கிலேய சத்திர வைத்தியர் ஜேம்ஸ் பாஜெட் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி நோயாளி ஒருவனைப் பற்றி எழுதினார். எலும்பு முறிந்து தடித்துப் பொருந்தியதால் அவனது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தது. விரல்களில் புண்கள் தோன்றி எம்மருந்துக்கும் ஆறவில்லை. மணிக்கட்டைத் தளர்வாக இருக்கும்படி மடக்கிக் கட்டியபோது புண்கள் ஆறின. கட்டை அவிழ்த்து அவன் மீண்டும் கையைப் பயன்படுத்தத் தொடங்கியதும் புண்களும் மீண்டன. ஓய்வில் ஆறியது உழைப்பில் திரும்பியது. இந்நோயின் முழுச் சிக்கலும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

1880-இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜேம்ஸ் பட்னம் என்பவர் இரவில் கை விறைக்கும் 37 நோயாளரை விவரித்தார். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். கையைத் தொங்கவிட்டாலோ உதறினாலோ வேதனை தணியும் என்பதையும் அவர் குறித்துவைத்தார். இறக்காமத்துத் தாய் செய்வதும் அதுவே அல்லவா! எனினும் இரத்தக் குழாய்களின் கோளாறே காரணமாகலாம் என்று அவர் கருதினார். பின்வந்தோரில் பலர் கழுத்தடியிலே குற்றம் இருப்பதாக நம்பி, அங்குள்ள விலா எலும்பை வெட்டியெடுக்கவும் துணிந்தனர். நோய் மணிக்கட்டில், கத்தி கழுத்தடியில்!

1913-இல் பாரிஸ் வைத்தியர்களான பியர் மரியும் ஷார்ல் ஃபுவாவும் 80 வயது முதியவர் ஒருவரின் சடலத்தைப் பரிசோதித்தனர். அவரது பெருவிரலடிச் சதை இரு கைகளிலும் வற்றியிருந்தது. நரம்பு சுரங்க வாயிலுக்கு மேலே தடித்தும், உள்ளே மெலிந்தும் காணப்பட்டது. கூரையாக நிற்கும் நாணைக் காலத்தோடு அறுத்திருந்தால் இச்சேதத்தைத் தடுத்திருக்கலாமோ என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்விக்குச் செயலில் விடை வரச் சில ஆண்டுகள் சென்றன. 1924-இல் கனடாவின் வினிபெக் நகரில் ஹெர்பர்ட் காலவே இச்சத்திரசிகிச்சையைச் செய்தார். 1933-இல் ஜேம்ஸ் லியர்மன்த் இத்தகைய சிகிச்சையைப் பற்றி எழுதினார். 1947-இல் லண்டனில் ரஸல் பிரெயினும் அவர்தம் துணைவரும் ஆறு நோயாளரின் கைகளைச் சத்திரசிகிச்சையால் குணப்படுத்தியதை வெளியிட்டனர். அறுவரும் பெண்கள். மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கையில் சுரங்கத்துள் அழுத்தம் மிகுவதையும் அவர்கள் காட்டினர். கைவேலையோடு நோயைத் தொடர்புபடுத்தினர்.

இங்கேதான் வரலாறு ஒரு திருப்பம் கொள்கிறது. 1950 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜோர்ஜ் ஃபேலன் இந்நோயை உலகறியச் செய்தார். மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்து விறைப்பு எழுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது. ஹைட்ரோகோட்டிசோன் ஊசியை மணிக்கட்டில் ஏற்றும் முறையையும் அவர் கையாண்டார். 1966-இல் 654 கைகளின் அனுபவத்தைத் தொகுத்து எழுதினார். அவரது தொண்டு பெரிது, மறுப்பார் இல்லை. ஆனால், தொழிலுக்கும் இந்நோய்க்கும் உறவு மிகக் குறைவு என்றும் அவர் வாதித்தார். தம்மிடம் வந்தோருள் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள், கடும் கைத்தொழில் செய்வோர் அல்லர் என்பது அவர் காட்டிய நியாயங்களுள் ஒன்று.

துணி பிழிவது கைத்தொழில் இல்லையா? தரை துடைப்பதும் மாவு பிசைவதும் கைத்தொழில் இல்லையா? கூலி கொடுக்கப்படாத உழைப்பு உழைப்பே அன்று என்னும் சமூகத்தின் கணக்கு, வைத்தியரின் கணக்கிலும் புகுந்துவிட்டது. தவற்றை ஒரு மனிதர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. நம் ஊர்ப் பெண்ணிடம் தொழில் என்னவென்று கேட்டாலும், 'ஒன்றுமில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்றுதானே விடை வரும்?

எனினும் உண்மையை மிகைப்படுத்தவும் கூடாது. எல்லாக் காரணமும் வேலையே என்பது பொருந்தாது. நீரிழிவு, தைரொயிட் சுரப்பிக் குறைவு, மூட்டுவாதம், உடற்பருமன், கர்ப்பகாலம் ஆகியனவும் இந்நோயை வரவழைக்கும். ஆனால் பலத்தோடு திரும்பத் திரும்பக் கையை இயக்கும் வேலையும், அதிரும் கருவிகளும் நோயை மிகுவிக்கின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்துள்ளன.

இனிச் சிகிச்சைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். முதலாவது, மணிக்கட்டை நேராக வைத்துக் கட்டும் 'ஸ்பிளிண்ட்' என்னும் தாங்குபட்டை. இரவில் அணிவது; விலை குறைந்தது; தீங்கற்றது. இரண்டாவது, ஸ்டீராய்ட் ஊசி. 2018-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில் 234 நோயாளருக்கு இவ்விரண்டையும் ஒப்பிட்டனர். ஆறாவது வாரத்தில் ஊசியே மேலாக இருந்தது. ஆறாவது மாதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஊசியின் பயன் விரைவானது. ஆனால் பலருக்கு நிலைப்பதில்லை. நீரிழிவு உள்ளோருக்குச் சில நாள் இரத்தத்தில் சீனி ஏறவும் கூடும். மூன்றாவது சத்திரசிகிச்சை. கையை மட்டும் மரக்கச் செய்து, நாணை அறுத்துச் சுரங்கத்தை அகலப்படுத்துவர். நோயாளி பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். 2002-இல் நெதர்லாந்தில் 176 பேரிடம் நடந்த ஆய்வில், மூன்று மாதத்தில் சத்திரசிகிச்சை பெற்றோரில் 80 சதவீதத்தினரும் தாங்குபட்டை அணிந்தோரில் 54 சதவீதத்தினரும் குணமடைந்தனர். பதினெட்டு மாதத்தில் அது 90க்கு 75 என்றாயிற்று. சாதாரண வலி மாத்திரைகளால் இந்நோய் தீர்வதில்லை.

ஆகவே நோய் இலேசாயின் பட்டை, தணியாவிடில் ஊசி, ஓயாத விறைப்போ பிடியில் பலக்குறைவோ தோன்றினால் காலந்தாழ்த்தாத சத்திரசிகிச்சை. இதுவே பொதுவான ஒழுங்கு. பெருவிரலடிச் சதை வற்றிய பின் நாணை அறுத்தால் வேதனை நீங்கலாம். இழந்த சதை முழுதும் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. சட்டைப் பொத்தான் பூட்டவும் ஊசியில் நூல் கோக்கவும் இயலாத கை அவளுக்கு எஞ்சும்.

ஆனால் ஏடுகளில் உள்ள ஒப்பீடு வேறு, வாழ்க்கையில் உள்ள ஒப்பீடு வேறு. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது நம் மக்கள் பெற்ற பெரும் பேறு. ஆயினும், வெட்டிய கையை நனைக்காமல் நாட்களையும், பாரம் தூக்காமல் வாரங்களையும் கழிக்க வேண்டுமே! அந்த நாட்களில் சோறு சமைப்பது யார்? பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார்? மருதமுனையில் தறியில் அமரும் நெசவாளிக்கு அந்நாட்களின் வருமானம் எங்கிருந்து வரும்? பாஜெட் எழுதிய நோயாளிக்கும் இதே கதிதான்: கட்டினால் ஆறும், அவிழ்த்து உழைத்தால் திரும்பும். அவிழ்க்காமல் இருக்க அவனிடம் வசதி இருந்திருக்குமா?

முன்னேறிய நாடுகள் எனப்படுவனவும் இதில் முன்னேறிவிடவில்லை. வேலைத்தலத்தில் கைகளையும் முதுகையும் காக்கும் விதிகளை அமெரிக்க அரசாங்கம் 2000 நவம்பரில் வெளியிட்டது. அவற்றை 2001 மார்ச்சில் அந்நாட்டுக் காங்கிரஸே நீக்கிவிட்டது. நோயை அறிவது விஞ்ஞானம். அறிந்தபின் தடுப்பதா, விடுவதா என்பதைத் தீர்மானிப்பது சமூகத்தின் அதிகாரம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். உம்மாவின் கையைப் பற்றி, 'இரவில் விறைக்கிறதா? எந்த விரல்கள்? பகலில் என்ன வேலை?' என்று கேளுங்கள். 'சும்மாதான் இருக்கிறேன்' என்றால் நம்பாதீர்கள். அந்தக் கை செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். சிலவற்றை உங்கள் கைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவளை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, எண்ணிய அத்தனையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சை சிறந்தது என்னும் கேள்விக்கு விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.