எங்கள் கங்கையின் மேற்பக்கம்: பேராதனைக்கு ஒரு முழுநாள் கொடுப்போம்

மகாவலி கங்கை கடலோடு சேரும் மூதூர்ப் பக்கத்தில் படிப்பிக்கும் ஆசிரியை நான். கண்டிக்குப் பாடசாலைச் சுற்றுலா போனால் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். வாவிக்கரை, கடைத்தெரு, கடைசியில் பேராதனைப் பூங்காவில் ஒரு மணித்தியாலம். பிள்ளைகள் ஓடி ஓடிப் படம் பிடித்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். கண்டியிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர் தூரத்தில், ஆற்றங்கரையில் மரங்கள் சூழ இருக்கும் இந்த ஊருக்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

காலையில் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1821இல் தொடங்கப்பட்ட, 147 ஏக்கர் பரப்புள்ள இந்தப் பூங்காவை மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது. புல்வெளி நடுவே குடைபோல் விரிந்து நிற்கும் பெரிய அத்தி இன மரம், பனை இன மரங்களின் நீண்ட வரிசைகள், உலகிலேயே பெரிய விதையைத் தரும் இரட்டைத் தேங்காய் மரம், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட நாகலிங்க மரம் ஆகியவற்றை அவசியம் காட்டுங்கள். மர உச்சிகளில் வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும். 1824இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடிகள் நடப்பட்டதும் இங்குதான். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபு தன் தலைமையகத்தை அமைத்ததும் இதே பூங்காவில்தான். விஞ்ஞானமும் வரலாறும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

ஆற்றின் மறுகரை கன்னொறுவை. 1638இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்த களம் அது. இன்று அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையங்களும் விவசாயத் தொழில்நுட்பப் பூங்காவும் உள்ளன. வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருத்தமான இடம்.

பிற்பகலைப் பல்கலைக்கழகத்துக்கு வையுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து இங்கு வந்தது. ஹந்தானை மலையடிவாரம், நிழல் வீதிகள், சரச்சந்திர திறந்தவெளி அரங்கு எல்லாம் நடந்தே பார்க்கலாம். ஆற்றுக்கு அப்பால் பொறியியல் பீடத்தின் பக்கம் இருக்கும் அக்பர் விடுதி, நீதியரசர் எம்.டி. அக்பரின் பெயரைத் தாங்கியது. அங்கு போகும் நடைபாலத்துக்கும் அக்பர் பாலம் என்றே பெயர். கல்முனையில் பிறந்த எம்.ஏ. நுஃமான் இங்கு தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் வருவது நமது தவறு.

சில நடைமுறைகள்: பல்கலைக்கழகத்துக்குள் மாணவரைக் கூட்டிச் செல்ல அதிபர் மூலம் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். லுஹர், அஸர் தொழுகைகளுக்கு நேரம் ஒதுக்கியே பயணத்தைத் திட்டமிடுங்கள். சாப்பாட்டுப் பார்சல் தாள்களையும் போத்தல்களையும் ஒரு பையில் கட்டி பஸ்ஸிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். நாம் போட்டுவிட்டு வரும் குப்பையை வைத்துத்தான் நம் சமூகத்தையே எடைபோடுவார்கள். ஆற்றில் இறங்க யாரையும் விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் நீரோட்டம் பலமானது.

பெண் பிள்ளைகளை இவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு விடயம். முன்பு ஒருமுறை பஸ் பல்கலைக்கழக வாசலைக் கடந்தபோது, பத்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இதுக்குள்ள எங்கள மாதிரி ஆக்களும் படிக்கலாமா?" படிக்கலாம், கட்டணமும் இல்லை, உயர்தரத்தில் வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் போதும் என்றேன். ஆனால் பஸ் நிற்கவில்லை. நேரமில்லை என்று கடந்துவிட்டோம். அந்தக் கேள்விக்கு வாய்ப்பேச்சு போதாது, அவளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும் என்ற உறுத்தல் இன்னும் எனக்கு இருக்கிறது.

பேராதனையைத் தாண்டி ஓடும் தண்ணீர்தான் நம் ஊருக்கு வருகிறது. நம் பிள்ளைகளும் ஒருமுறை அங்கே இறங்கி நடக்கட்டும். அடுத்த சுற்றுலாவில் கடைத்தெருவுக்கான நேரத்தைக் குறைத்து அந்த வாசலில் பஸ்ஸை நிறுத்துங்கள்.