விதையும் நிலமும்: கொங்கு நாட்டில் குழந்தைப்பேற்று வைத்தியம்

குழந்தைப்பேறு வேண்டி மருந்து உண்பது கொங்கு நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். இன்றைய திருப்பூர் மாவட்டம் 2009-ஆம் ஆண்டில் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. தெற்கே போகரின் பெயரோடு பேசப்படும் பழனி இருக்கிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் கேரளத்துக்கு வழி விடுகிறது. சித்த மருத்துவம் இம்மண்ணிலேயே வழங்கியது. கேரளத்து ஆயுர்வேதம் கணவாய் வழியே வந்தது. ஊர் மக்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுமே 'நாட்டு வைத்தியம்'தான்.

ஆயுர்வேத நூல்கள் கருத்தரிப்பை உழவைக் கொண்டு விளக்குகின்றன. சுசுருத சங்கிதையின் சாரீரப் பகுதி கருவுக்கு நான்கு தேவைகளைச் சொல்கிறது: பருவம், நிலம், நீர், விதை. பருவம் என்பது மாதவிடாயை ஒட்டிய கருத்தரிக்கும் காலம். நிலம் கருப்பை, நீர் தாயின் உடலில் ஓடும் ஊட்டம், விதை விந்தும் சூதகமும் ஆகும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முளை வராது. வானம் பார்த்த பூமியில் சோளமும் கம்பும் விதைத்து வாழ்ந்த கொங்கு உழவருக்கு இந்த உவமையை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

பருவத்தைப் பற்றிய கணக்கு கவனிக்கத்தக்கது. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து பன்னிரண்டு இரவுகள் என்றும், பதினாறு என்றும் பழைய நூல்களில் இரு கணக்குகள் உண்டு. அதன் பிறகு, மாலையில் தாமரை கூம்புவதுபோல் கருப்பை மூடிக்கொள்ளும் என்றார்கள். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய பதினான்கு நாள் முன்பு கருமுட்டை வெளிப்படுகிறது என்பதை ஜப்பானின் ஒகினோவும் ஆஸ்திரியாவின் கினாஸும் 1920-களில்தான் தனித்தனியே கண்டறிந்தனர். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குப் பழைய கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது. சுழற்சி நீண்டவர்களுக்கு ஒத்துவராது. இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்று அதே நூல்கள் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஆணுக்குச் சொன்ன மருந்து

இந்நூல்கள் குறையை இருவரிடமும் தேடின. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்றான 'வாஜீகரணம்' முழுக்க ஆணின் வீரியத்தையும் சந்ததியையும் பற்றியது. சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் அதற்கு இரண்டாவது இடம் தரப்பட்டுள்ளது. அதே பகுதியின் முப்பதாவது இயல் பெண்களின் இருபது யோனி நோய்களைச் சொல்லி, கூடவே விந்துவின் எட்டுக் குற்றங்களையும் சொல்கிறது. மருந்துகளில் உளுந்து, பால், நெய், பூனைக்காலி விதை ஆகியன திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்நாட்டில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பது இன்றும் நிற்கவில்லை. ஏட்டில் ஆணுக்கு விதிக்கப்பட்ட உளுந்து அடுப்படியில் பெண்ணின் பங்காகியிருக்கிறது.

பெண்ணுக்கான மருந்துகளில் புகழ்பெற்றது 'பலசர்ப்பிஸ்' என்னும் நெய். வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயம் உத்தரப் பகுதியில் இதைக் கூறுகிறது. மஞ்சிட்டி, கோட்டம், திரிபலை, அதிமதுரம், அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்கு முதலியவற்றைப் பாலும் நெய்யும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஒரே நிறமுள்ள, கன்று உயிரோடிருக்கும் பசுவின் நெய்யே வேண்டும் என்பது பிற்கால நூல்களின் விதி. மருந்தோடு நம்பிக்கையும் கலந்து காய்ச்சப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கேரள வைத்தியசாலைகள் இந்த நெய்யை இன்றும் தயாரிக்கின்றன.

சித்த மருத்துவ மரபு மலட்டை வகை பிரித்தது. ஒரு பிள்ளையோடு நின்றுபோவதைக் காக மலடு என்றார்கள். கரு தங்காமல் கலைவதற்கும் தனி வகை வைத்தார்கள். மலைவேம்பு, கழற்சி, ஆலம் விழுது ஆகியன நாட்டு வைத்தியர்களின் கைச்சரக்குகள். 'மலடி' என்ற வசைச்சொல்லைத் தெருவில் கேட்டவர்கள் உண்டு. 'மலடன்' என்பது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஏட்டில் இருவருக்கும் இருந்த குறை ஊர் வாயில் ஒருத்திக்கு மட்டும் ஆனது. கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' (2010) குழந்தையில்லாத இணையர் படும் அவமானத்தைப் பேசுகிறது. அதன் மீது எழுந்த எதிர்ப்பும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்று அளித்த தீர்ப்பும் நாடறிந்தவை.

கோயிலும் மருந்தும் ஒன்றாகவே நடந்தன. உடுமலைப்பேட்டைக்கு அருகே உள்ள திருமூர்த்திமலை, அனுசூயை மும்மூர்த்திகளைக் குழந்தைகளாக்கிய கதையோடு இணைந்த தலம். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்டுத் தந்தார் என்று அவிநாசித் தலபுராணம் சொல்கிறது.

கடைக்கு வந்த மருந்து

இருபதாம் நூற்றாண்டில் மருந்து வைத்தியர் வீட்டிலிருந்து புட்டிக்கு மாறியது. கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை 1902-இல் தொடங்கியது. கோவையில் பி. வி. ராமவாரியர் 1943-இல் ஆரிய வைத்திய பார்மஸியை நிறுவினார். சென்னையில் கே. என். கேசரியின் கேசரி குடீரம் பெண்களின் கருப்பைக் கோளாறுகளுக்கென விற்ற 'லோத்ரா' வீடுதோறும் அறியப்பட்ட பெயர். சென்னை அரசு 1921-இல் அமைத்த உஸ்மான் குழு நாட்டு மருத்துவங்களை ஆராய்ந்தது; 1925-இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

பள்ளியில் படித்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, விளம்பரத்தால் வாழ்ந்தவர்கள் மறுபக்கம் பெருகினார்கள். மாதத்தில் இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் என்று முகாம் போடும் வைத்தியர்களைத் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையச் சுவர்கள் நன்கு அறியும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்கிறது. அதன் அட்டவணையில் பெண்களின் மலட்டுத்தன்மையும் ஆண்மைக் குறைவும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. சுவரொட்டிகள் அதன் பிறகும் ஒட்டப்பட்டுத்தான் வந்தன.

பனியன் நகரத்தில்

1920-களில் சிறு அளவில் தொடங்கிய திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் 1970-களின் இறுதியில் ஏற்றுமதிக்குள் நுழைந்தது. தென்மாவட்டங்களிலிருந்தும், பின்னர் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். கொங்குப் பகுதியின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்து, முடிவில் கிடைக்கும் தொகையைத் திருமணத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஷிப்ட், ஓவர்டைம், சொந்த ஊரில் கணவன் இங்கே மனைவி என்ற பிரிவு எல்லாம் சேர, சுசுருதர் சொன்ன 'பருவம்' கைநழுவிப் போவது இங்கே எளிது. இஸ்திரி மேசை, பாய்லர் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் நெடுநேரம் நிற்பது விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும் என்பது பொதுவாக அறியப்பட்ட மருத்துவ உண்மை. திருமணமாகி ஓராண்டில் மாமியார் கேட்கத் தொடங்கும்போது வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்படுபவள் பெரும்பாலும் மருமகள்தான்.

கருத்தரிப்பில் சிக்கல் உள்ள இணையர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. கணவனுக்கான விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியற்றது. அதைச் செய்யாமல் மனைவிக்கு ஆண்டுக்கணக்கில் லேகியமும் நெய்யும் கொடுத்தால், கரைவது பணத்தோடு அவளுடைய வயதும்தான். முப்பத்தைந்து வயதுக்குப் பின் கருமுட்டைகளின் தரம் வேகமாகக் குறைகிறது. அதனால்தான் அந்த வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலும், மற்றவர்கள் ஓராண்டிலும் இருவருமாகப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அடைபட்ட கருக்குழாயை எந்தக் கசாயமும் திறந்ததற்குச் சான்று இல்லை.

மூலிகைகள் எல்லாமே வெறும் நம்பிக்கை என்றும் தள்ள முடியாது. அமுக்கராவை விந்தணுக் குறைவுள்ள ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த சில ஆய்வுகளில் எண்ணிக்கை உயர்ந்தது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பங்கேற்றவர்கள் 46 பேர். இவ்வளவு சிறிய ஆய்வை வைத்துக் குழந்தை பிறக்கும் என்று உறுதி கூற முடியாது. அதே அமுக்கராவைக் கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும் என்று எச்சரிக்கப்படுகிறது. பெயர் தெரியாத செந்தூரமும் பற்பமும் இன்னும் கவலைக்குரியவை. 2011-12-இல் நியூயார்க் நகரில் கருவுற்ற ஆறு பெண்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததற்கு, அவர்கள் உண்ட இந்திய ஆயுர்வேத மருந்துகளே காரணமாகக் கண்டறியப்பட்டன.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு ஆங்கில மருத்துவப் பிரிவின் அதே வளாகத்தில் இயங்குகிறது. ஒரே நாளில் இரண்டு மருத்துவரையும் பார்த்து, எதை உண்கிறோம் என்பதை இருவரிடமும் சொல்ல அங்கே வழி இருக்கிறது. அந்த வரிசையில் கணவனும் உடன் நிற்பதற்கு ஒரு நாள் லீவு தேவைப்படும். ஆர்டர் முடிக்கும் வாரங்களில் பனியன் கம்பெனிகளில் அது எளிதில் கிடைப்பதில்லை.