இல்லாத நோய்க்கு ஒரு ஊசி: நடிகை கிஸி பாயோரின் கதை

1951 பிப்ரவரி 12. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். காது மூக்கு தொண்டைத் துறையில பேராசிரியரா இருக்கிற ஒரு டாக்டர், தன் மனைவிக்கு விஷ ஊசி போட்டுக் கொல்றார். கூடவே தன் உயிரையும் முடிச்சுக்கிறார்.

காரணம்? மனைவிக்குக் குணப்படுத்த முடியாத நோய் வந்திருக்கு, காது கேட்காமப் போயிடும்ங்கிற எண்ணம். அந்தக் கஷ்டத்தை அவங்க அனுபவிக்கக் கூடாதுங்கிற முடிவு.

அந்த எண்ணத்துக்கு அடிப்படையே கிடையாது. அது நோயைப் பத்தின பயம் இல்ல, அதுவே ஒரு நோய். மனநல மருத்துவத்துல டெலூஷன்னு சொல்லுவோம்.

இறந்துபோனவங்க பேர் கிஸி பாயோர். ஹங்கேரிய நாடக மேடையோட மிகப் பெரிய நடிகைகள்ல ஒருத்தங்க. இணையத்துல தேடினா முதல்ல வந்து நிக்கிறது இந்த மரணம்தான். 57 வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷியைக் கடைசி நாளை மட்டும் வச்சுத் தெரிஞ்சுக்கிறது நியாயம் இல்ல. அதனால முதல்ல வாழ்க்கை, அப்புறம் மரணம். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1893 மே 19, புடாபெஸ்ட்ல பிறந்தாங்க. இயற்பெயர் கிஸெல்லா பேயெர். அப்பா சுரங்கப் பொறியியல் படிச்சவர், ஆனா பிழைப்புக்கு நடத்தினது காபி கடை, கால்வின் சதுக்கத்துல. அந்தக் காலத்து புடாபெஸ்ட்ல காபி கடைன்னா நம்ம டீக்கடையும் நூலகமும் பத்திரிகை ஆபீஸும் ஒண்ணா சேர்ந்த மாதிரி. எழுத்தாளர்கள் காலையில வந்து உக்காந்தா ராத்திரிதான் எழுந்திருப்பாங்க. அப்படி ஒரு சூழல்ல வளர்ந்த பொண்ணு.

பேர்ல ஒரு சுவாரசியம். பேயெர்ங்கிறது ஜெர்மன் பேர், பவேரியாக்காரர்னு அர்த்தம். அதையே ஹங்கேரிய மொழியில சொன்னா பாயோர். அந்தக் காலத்துல ஜெர்மன், யூதப் பேர் வச்சிருந்த பலர் இப்படி ஹங்கேரியப் பேருக்கு மாறினாங்க. இன்னொண்ணு, ஹங்கேரியில குடும்பப் பேர்தான் முன்னாடி வரும், நம்ம இனிஷியல் மாதிரி. அவங்க ஊர்ல அவங்க பாயோர் கிஸி.

நாடகப் பள்ளியில படிச்சு முடிச்சு 1914-ல தேசிய நாடக அரங்கத்துல சேர்ந்தாங்க. முதல் உலகப் போர் தொடங்கின வருஷம். இடையில கொஞ்ச காலம் தவிர, சாகுற வரைக்கும் அதே மேடைதான். ஏறக்குறைய 37 வருஷம்!

அந்த 37 வருஷத்துல நாடு என்ன ஆச்சுன்னு பாருங்க. போர்ல தோத்து, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைஞ்சுது. 1919-ல சில மாசம் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1920 ட்ரியனான் ஒப்பந்தத்துல பழைய நிலப்பரப்புல மூணுல ரெண்டு பங்கு போச்சு. அப்புறம் ஹோர்த்தி ஆட்சி, ஜெர்மன் ஆக்கிரமிப்பு, சோவியத் படை, ராகோஷியோட சர்வாதிகாரம். ஆட்சிகள் மாறிக்கிட்டே இருந்துச்சு. மேடையில இவங்க இருந்தாங்க.

இவங்க நடிச்சதுல மக்கள் மறக்காத பாத்திரம், டூமா எழுதின கமேலியா சீமாட்டி நாடகத்தோட நாயகி மார்கரீத். காசநோயால கொஞ்சம் கொஞ்சமா உருகிச் சாகுற பொண்ணு. இங்க ஒரு மருத்துவக் குறிப்பு சொல்லியே ஆகணும். காசநோய்க்கு அப்போ ஒரு பட்டப்பேரே இருந்துச்சு, மோர்பஸ் ஹங்காரிகஸ், அதாவது ஹங்கேரிய நோய். அந்த நாட்டுல அவ்வளவு பரவல். முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடிச்சதே 1943-லதான். ஆக, மேடையில கிஸி இருமினப்போ, அரங்கத்துல உக்காந்திருந்த பல பேருக்கு அது நாடகம் இல்ல. வீட்டுல கேட்ட இருமல். காசநோய் வார்டுல வேலை பார்த்த யாருக்கும் இது புரியும்.

ஷேக்ஸ்பியரோட ஜூலியட், கிளியோபாட்ரா எல்லாம் நடிச்சாங்க. இப்ஸன் எழுதின பொம்மை வீடு நாடகத்துல நோராவும் நடிச்சாங்க. நோரா யாருன்னா, உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிற கணவனை விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வெளிய போற பொண்ணு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க.

சினிமாவுல அதிகம் இல்ல. மௌனப் படக் காலத்துல சில படங்கள், பேசும் படத்துல குறிப்பிட்டுச் சொல்லணும்னா 1938-ல வந்த இரண்டு கைதிகள். அதைப் பத்திக் கடைசியில சொல்றேன்.

கல்யாணம் மூணு. முதல்ல ஒரு வக்கீல், அடுத்து ஒரு வங்கியாளர். மூணாவதுதான் டாக்டர் திபோர் கெர்மான், 1930-கள்ல. நல்ல பேரும் மரியாதையும் இருந்த பேராசிரியர். புடா மலைப் பக்கம் ஒரு பெரிய வீடு.

அந்த வீட்டுக்கு வேற ஒரு வரலாறு இருக்கு. அதுதான் என்னை இந்த இழையை எழுத வச்சது.

1938-லிருந்து ஹங்கேரியில யூதர்களுக்கு எதிரா ஒண்ணு பின்னால ஒண்ணா சட்டம் வந்துச்சு. நடிக்கணும்னா நடிகர்களுக்கான அரசு மன்றத்துல உறுப்பினரா இருக்கணும், யூதர்களுக்கு அதுல கடுமையான கட்டுப்பாடு. நேத்து வரைக்கும் கூட நடிச்சவங்க இன்னைக்கு மேடை ஏற முடியாது. 1944 மார்ச் 19 ஜெர்மன் படை உள்ள வந்துச்சு. மே 15-லிருந்து ஜூலை 9 வரைக்கும், எட்டே வாரம், சுமார் 4,37,000 யூதர்களை ரயில்ல ஏத்தி அனுப்பினாங்க. பெரும்பாலானவங்க போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். அக்டோபர் 15 அன்னைக்கு அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடிச்சுது. அதுக்கப்புறம் புடாபெஸ்ட்லயே, டான்யூப் ஆத்தங்கரையில நிக்க வச்சுச் சுட்டுத் தள்ளினாங்க.

அந்த நேரத்துல கிஸியும் கெர்மானும் துரத்தப்பட்டவங்களைத் தங்க வீட்டுல ஒளிச்சு வச்சாங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான். பிடிபட்டா என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். நடிகைங்கிறதால ஊருக்கே தெரிஞ்ச முகம் வேற.

டிசம்பர் கடைசியில சோவியத் படை நகரத்தைச் சுத்தி வளைச்சுது. ஆத்துக்குக் கிழக்கே இருக்கிற பெஸ்ட் ஜனவரி 18-ல விழுந்துச்சு. இவங்க வீடு இருந்த புடா பக்கம் பிப்ரவரி 13 வரைக்கும் சண்டை. தண்ணி இல்ல, கரண்ட் இல்ல, செத்த குதிரையை அறுத்துச் சாப்பிட்ட நாட்கள்.

அத்தனையும் தாண்டி கிஸி உயிரோட வந்தாங்க. மறுபடி மேடை ஏறினாங்க. 1948-ல கோஷூத் விருதுன்னு நாட்டோட உயர்ந்த விருதை ஆரம்பிச்சப்போ, முதல் வருஷமே இவங்களுக்குக் கொடுத்தாங்க.

முற்றுகை முடிஞ்சு ஆறு வருஷம் ஆக ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தப்போ, வீட்டுக்குள்ள இருந்த டாக்டர் கையால இறந்தாங்க.

இப்ப மருத்துவத்துக்கு வருவோம்.

காது கேக்குதா இல்லையாங்கிறது மறைஞ்சு கிடக்கிற விஷயம் இல்ல. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒண்ணு போதும். அதைத் தட்டி காதுக்குப் பின்னால இருக்கிற எலும்புல வைக்கணும், அப்புறம் காதுக்கு முன்னால காட்டணும். ரின்னே பரிசோதனைன்னு பேரு. நெத்தி நடுவுல வச்சா வெபர் பரிசோதனை. ரெண்டு நிமிஷ வேலை. எம்.பி.பி.எஸ் மாணவன் கூட செய்வான். ரெண்டுமே 19-ஆம் நூற்றாண்டுலயே வந்தாச்சு. 1951-ல ஆடியோமீட்டரும் இருந்துச்சு.

இதுல இன்னொரு விஷயம். நம்ம உள்காதுல ஒலி அலை எப்படிப் பயணிக்குதுன்னு கண்டுபிடிச்சு 1961-ல நோபல் வாங்கின கியோர்க் ஃபான் பேகேஷி, அந்த ஆராய்ச்சியில பெரும்பகுதியைச் செஞ்சது புடாபெஸ்ட்லதான். தொலைபேசி ஆய்வுக்கூடத்துல வேலை, 1946-லதான் நாட்டை விட்டுப் போனார். ஆக, காதைப் பத்தி அந்த நகரத்துக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. அந்தத் துறையிலேயே பேராசிரியர் கெர்மான்.

பின்ன எப்படி? டெலூஷனோட குணமே அதுதான். ஆதாரத்தைக் காட்டினா மாறுற எண்ணத்துக்குப் பேர் சந்தேகம். எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாம நிக்கிறதுதான் டெலூஷன். படிப்பு, புத்திசாலித்தனம் எதுவும் அதைத் தடுக்காது. பல நேரம் படிப்பு அதுக்கு வக்கீலா வாதாடும்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னை வேவு பார்க்கிறார்னு ஒருத்தர் சொன்னா நமக்கு உடனே உறுத்தும். ஒரு காது மூக்கு தொண்டைப் பேராசிரியர், என் மனைவிக்குக் காதுல பிரச்சனைன்னு சொன்னா? அது டயக்னோசிஸ் மாதிரி கேக்கும். யாரு குறுக்க பேசுவாங்க? நோயாளி சொன்னா மனநோய், டாக்டர் சொன்னா மருத்துவ அபிப்பிராயம். இந்த இடைவெளிதான் ரொம்ப ஆபத்தானது. அதுவும் மருந்தும் ஊசியும் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கிற ஆளுக்கு.

சொந்தக் குடும்பத்துக்கு டாக்டர் தானே வைத்தியம் பார்க்கக் கூடாதுங்கிறது புது விதி இல்ல. 1847-ல அமெரிக்க மருத்துவச் சங்கம் எழுதின முதல் நெறிமுறையிலயே, மனைவி பிள்ளைக்கு நோய் வந்தா ஏற்படுற பதற்றம் டாக்டரோட கணிப்பைக் குழப்பிடும், அதனால வேற டாக்டரை நாடணும்னு இருக்கு. ஆனா நம்ம ஊர்ல வீட்டுல ஒரு டாக்டர் இருந்தா வேற டாக்டர்கிட்ட போறதே அவமானம்னு நினைக்கிறாங்க. எனக்கும் தினம் சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல ஸ்கேன் அனுப்புறாங்க, பார்த்துச் சொல்லுப்பான்னு. துறை டாக்டரைப் பாருங்கன்னு சொன்னா கோபம்.

இந்தக் கதையைச் சொல்றவங்க பலர், அன்பு மிகுதியால கொன்னார்னு எழுதுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அவருக்கு இருந்தது நோய், அதுக்காக அவர் மேல பரிதாபப்படலாம். 1944-ல உயிரைப் பணயம் வச்ச மனுஷன்ங்கிறதையும் மறுக்கல. ஆனா நடந்தது கொலை. அவங்களை யாரும் எதுவும் கேக்கலை. ஒருவேளை நிஜமாவே காது போயிருந்தாலும், அதோட வாழ்றதா வேண்டாமாங்கிறது அவங்க விஷயம். ஆறு வருஷத்துக்கு முன்னால குண்டு மழைக்கு நடுவுல வாழணும்னு முடிவெடுத்தவங்க அவங்க.

உங்க வீட்டுல யாராவது, தனக்கோ இன்னொருத்தருக்கோ பெரிய நோய் இருக்குன்னு, எல்லா டெஸ்டும் நார்மல்னு வந்த பிறகும் பிடிவாதமா நம்பிக்கிட்டிருந்தா, வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீங்க. மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. டெலிமனஸ் எண் 14416, தமிழ்நாட்டுல 104. எல்லாருமா சேர்ந்து செத்துடலாம், இவங்களை விட்டுட்டு நான் போக மாட்டேன்கிற மாதிரி பேச்சு வந்தா அது அவசர சிகிச்சை. காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க.

கிஸி இறந்த அடுத்த வருஷம், 1952-ல, ஹில்தா கோப்பிங்கிற இன்னொரு பெரிய நடிகை முன்கை எடுத்து, கிஸி வாழ்ந்த அதே வீட்டை நடிகர்களுக்கான அருங்காட்சியகமா மாத்தினாங்க. இன்னைக்கும் கிஸி பேர்லதான் இருக்கு. அவங்க நடிச்ச தேசிய நாடக அரங்கக் கட்டடத்தை மெட்ரோ ரயில் வேலைன்னு சொல்லி 1965-ல வெடி வச்சு இடிச்சுட்டாங்க. வீடு தப்பிச்சுது.

கடைசியா அந்தப் படம், இரண்டு கைதிகள். லாயோஷ் ஸிலாஹி எழுதின நாவல். முதல் உலகப் போர்ல கணவன் ரஷ்யர்கள்கிட்ட சிக்கி சைபீரியாவுல கைதி. புடாபெஸ்ட்ல காத்திருக்கிற மனைவி இன்னொரு கைதி. அந்த இளம் மனைவியா நடிச்சப்போ கிஸிக்கு வயசு நாப்பத்தஞ்சை நெருங்கிடுச்சு.

படத்தை எடுத்த இஷ்த்வான் ஸேகெய், யூதர்ங்கிறதால அதே வருஷம் நாட்டை விட்டு அமெரிக்கா போனார். கணவனா நடிச்ச பால் யாவோரை, 1944-ல அம்புச் சிலுவைக்காரங்க பிடிச்சுச் சிறையில போட்டாங்க, அவர் மனைவி யூதப் பெண். ஸிலாஹியும் போருக்கப்புறம் அமெரிக்கா போயிட்டார். கிஸி மட்டும் ஊரை விட்டுப் போகல.